தொலைதூர வேலைக்கு விர்ச்சுவல் டெஸ்க்டாப்: எதை, எப்படித் தேர்ந்தெடுப்பது?

வெளியிலிருந்து வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு விர்ச்சுவல் டெஸ்க்டாப் ஏற்பாடு செய்யுங்கள் என்று மேலிடம் சொன்னதும், ஐடி பொறுப்பில் இருப்பவர் முதலில் போய் நிற்பது விலைப்பட்டியலில்தான். (விர்ச்சுவல் டெஸ்க்டாப் என்பது, பெரும்பாலும், கம்ப்யூட்டர் வேறு இடத்தில் ஓட, அதன் திரை மட்டும் ஊழியரின் லேப்டாப்பில் தெரிகிற ஏற்பாடு.) சிட்ரிக்ஸ் எவ்வளவு, மைக்ரோசாஃப்டின் அஷ்யூர் எவ்வளவு, அமேசான் எவ்வளவு என்று ஒரு எக்செல் ஷீட் போட்டு, கடைசியில் நடுவாந்திரமான ஒன்றை எடுத்துவிடுவார்கள். சில மாதம் கழித்து ஊழியர்கள் ஸ்லோவாக இருக்கிறது என்று தினமும் போன் போடுவார்கள், கணக்குப் பிரிவு பில்லை நீட்டிக் கேள்வி கேட்கும், எங்கே இடிக்கிறது என்று யாருக்கும் பிடிபடாது. விலையை அப்புறம் பார்க்கலாம். யார், எந்த சாஃப்ட்வேரை, எந்த நெட்டிலிருந்து ஓட்டுகிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் கையில் இருந்தால் பாதித் தேர்வு தானாக நடந்துவிடும். டெஸ்க்டாப் கேட்கிற எல்லோருக்கும் முழு டெஸ்க்டாப் தேவைப்படுவதில்லை. சிலருக்கு ஒரே ஒரு சாஃப்ட்வேர் போதும், சிலருக்கு எதுவுமே வேண்டாம்.

முதல் வேலை: யாருக்கு என்ன வேண்டும் என்று எழுதுங்கள்

ஒரு ஷீட்டில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு வரி. அவர்கள் திறக்கிற சாஃப்ட்வேர் எவை, அதன் டேட்டா எங்கே இருக்கிறது, பிரிண்டர், ஸ்கேனர், டாங்கிள் (லைசென்ஸுக்காக யுஎஸ்பியில் செருகும் சின்னக் கருவி) ஏதாவது செருக வேண்டுமா, ஒரே நேரத்தில் எத்தனை பேர் உள்ளே இருப்பார்கள், சொந்த லேப்டாப்பா கம்பெனி லேப்டாப்பா, அவ்வளவுதான். இதை மேனேஜரிடம் கேட்காதீர்கள். வேலை பார்க்கிறவரிடமே கேளுங்கள், முடிந்தால் அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ‘எக்செல் மட்டும்தான்’ என்று மேனேஜர் சொன்ன பிரிவில், அந்த எக்செல் உள்ளே ஒரு மேக்ரோ இருக்கும், அந்த மேக்ரோ சர்வரில் இருக்கிற ஒரு பழைய டேட்டாபேஸைத் தொடும். பின்னால் வருகிற சிக்கலில் பெரும்பகுதி இப்படி எழுதப்படாமல் விட்ட ஒரு வரியிலிருந்துதான் வருகிறது.

டேட்டா எங்கே இருக்கிறது என்கிற கேள்விக்கான பதிலை மட்டும் இரண்டு முறை சரிபாருங்கள், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும் விட அதுதான் தேர்வைத் தீர்மானிக்கிறது. ஃபைல் ஷேரில் (சர்வரில் எல்லோரும் பகிர்கிற ஃபோல்டர்) டேட்டாவை வைத்து ஓடுகிற ஒரு கணக்கு சாஃப்ட்வேரை எடுத்துக்கொள்வோம். அது ஒரு ரிப்போர்ட் எடுக்க சர்வரில் இருக்கிற ஃபைலை 5,000 முறை சின்னச் சின்னதாக வாசிக்கிறது என்று வையுங்கள். அலுவலக நெட்வொர்க்கில் ஒரு வாசிப்புக்குப் போய்வர அரை மில்லிசெகண்ட், ஆக 2.5 வினாடியில் ரிப்போர்ட் வந்துவிடும். அதே லேப்டாப் வீட்டிலிருந்து விபிஎன் (அலுவலக நெட்வொர்க்குக்குள் வரும் பாதுகாப்பான இணைப்பு) வழியாக வரும்போது போய்வர 40 மில்லிசெகண்ட் ஆகிறது. 5,000 பெருக்கல் 40, அதாவது 200 வினாடி. மூன்று நிமிஷத்துக்கு மேல். இன்டர்நெட் வேகத்தை நான்கு மடங்காக்கினாலும் இந்த 200 வினாடி பெரிதாகக் குறையாது, ஏனென்றால் நேரம் போவது டேட்டாவின் அளவில் இல்லை, போய்வருகிற தடவைகளில். இந்த இடத்தில் விபிஎன் எத்தனை நல்லதாக இருந்தாலும் உதவாது. சாஃப்ட்வேரை டேட்டாவுக்குப் பக்கத்திலேயே ஓட்டிவிட்டு, திரையை மட்டும் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். விர்ச்சுவல் டெஸ்க்டாப் என்கிற ஏற்பாட்டுக்கு இருக்கிற மிக உறுதியான காரணம் இதுதான்.

மாறாக, ஒரு பிரிவின் வேலை முழுக்க பிரவுசரில் நடக்கிறது, மெயிலும் கிளவுட் டாக்குமெண்டும்தான் என்றால், அவர்களுக்கு விர்ச்சுவல் எதுவும் வேண்டாம். நல்ல லேப்டாப், டிஸ்க் என்கிரிப்ஷன், இரண்டடுக்கு லாகின், முடிந்தது. பிரவுசர் வேலையை டேட்டாசென்டரில் இருக்கிற ஒரு மெஷினுக்குள் தள்ளி, அதன் திரையை வீட்டுக்கு இழுத்துவருவது காசுக்கும் கேடு, கண்ணுக்கும் கேடு. கம்பெனி டேட்டா ஊழியரின் சொந்த கம்ப்யூட்டரில் ஒரு பைட் கூட இறங்கக் கூடாது என்கிற கட்டாயம் இருந்தால் மட்டும் இதை மாற்றி யோசிக்கலாம்.

டெவலப்பர்களும் அப்படித்தான். முழு டெஸ்க்டாப் கொடுத்தால் டைப் அடிக்கிற ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நொடிப்பொழுது தாமதம் இருக்கும், நாள் முழுக்க டைப் அடிக்கிறவருக்கு அது பெரிய எரிச்சல். எஸ்எஸ்ஹெச் (திரையை அனுப்பாமல் எழுத்துக் கட்டளைகளை மட்டும் அனுப்புகிற பாதுகாப்பான இணைப்பு) வழியாக சர்வரைத் தொட்டு, எடிட்டரை லேப்டாப்பிலேயே ஓட்டினால் வேலை முடிந்துவிடும். வி.எஸ். கோட் மாதிரியான எடிட்டர்களில் இந்த ரிமோட் வசதியை எக்ஸ்டென்ஷனாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

இருக்கிற வழிகள்

எளிதானது, அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கிற அவரவர் கம்ப்யூட்டரையே வெளியிலிருந்து தொடுவது. விண்டோஸ் புரோ இருந்தால் ரிமோட் டெஸ்க்டாப் உள்ளேயே இருக்கிறது (ஹோம் பதிப்பில் உள்ளே வரவிடும் வசதி கிடையாது, இதைக் கவனியுங்கள்). பத்துப் பேர் வரைக்கும் இது தாராளமாகப் போதும் என்பது என் கருத்து. புதிதாக எதுவும் வாங்க வேண்டாம், எல்லா சாஃப்ட்வேரும் இருந்த இடத்தில் இருக்கிறது. குறை என்னவென்றால், அலுவலகத்தில் கரண்ட் போனாலோ யாராவது மெஷினை ஆஃப் செய்துவிட்டாலோ எழுந்து போய் ஆன் செய்ய ஆள் வேண்டும். வேக் ஆன் லேன் (நெட்வொர்க் வழியாகவே மெஷினை ஆன் செய்கிற வசதி) இதில் பாதியைத் தீர்க்கும்.

அடுத்தது செஷன் முறை. ஒரே விண்டோஸ் சர்வரில் பல பேர் தனித்தனியாக லாகின் ஆகி, ஒவ்வொருவருக்கும் ஒரு திரை. 1998இல் விண்டோஸ் என்.டி. 4.0 டெர்மினல் சர்வர் பதிப்பாக வந்தது, 2009இல் ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ் என்று பெயர் மாறியது, அடிப்படை இன்றும் அதேதான். இதற்கும் விடிஐக்கும் (ஆளுக்கு ஒரு விர்ச்சுவல் மெஷின் கொடுக்கிற முறை) உள்ள வித்தியாசம் கூட்டுக் குடும்பத்துக்கும் தனிக்குடித்தனத்துக்கும் உள்ளது. செஷன் முறையில் ஓஎஸ் ஒன்று, சமையல் ஒன்று, செலவு குறைவு. ஆனால் ஒருவர் ஐம்பது டேப் திறந்து வைத்தால் அடுத்தவருக்குப் புழுங்கும், ஒரு சாஃப்ட்வேரை அப்டேட் செய்தால் எல்லோருக்கும் அப்டேட் ஆகிவிடும். விடிஐயில் ஒவ்வொருவருக்கும் தனி விர்ச்சுவல் மெஷின், தனி விண்டோஸ், தனி மெமரி.

செஷன் முறையிலேயே இன்னொரு வசதி இருக்கிறது, பலர் அதைக் கண்டுகொள்வதே இல்லை: முழு டெஸ்க்டாப்பையும் அனுப்பாமல் ஒரே ஒரு சாஃப்ட்வேரின் ஜன்னலை மட்டும் அனுப்புவது. மைக்ரோசாஃப்ட் இதை ரிமோட்ஆப் என்கிறது, சிட்ரிக்ஸிலும் இதே வசதி உண்டு. ஊழியருக்கு அது அவருடைய லேப்டாப்பிலேயே இன்ஸ்டால் செய்த மாதிரி தெரியும், டாஸ்க்பாரில் சாதாரண ஐகானாக உட்கார்ந்திருக்கும். மேலே சொன்ன கணக்கு சாஃப்ட்வேருக்கு நான் முதலில் கை வைப்பது இதில்தான். மெயில், பிரவுசர், மீட்டிங் எல்லாம் லேப்டாப்பில் முழு வேகத்தில் ஓடும், அந்த ஒரு சாஃப்ட்வேர் மட்டும் டேட்டாவுக்குப் பக்கத்தில் ஓடும். இரண்டு டெஸ்க்டாப்புக்கு நடுவில் எது எந்த ஃபைல் என்று குழம்புகிற தொல்லையும் இல்லை.

விடிஐக்கு வருவோம். இதில் இரண்டு ரகம். ஒருவருக்கு ஒரு மெஷின் நிரந்தரமாக ஒதுக்குவது ஒன்று, அவர் போட்ட சாஃப்ட்வேர், மாற்றிய செட்டிங் எல்லாம் அப்படியே இருக்கும். ஒரு மாஸ்டர் இமேஜிலிருந்து (தயார் செய்து வைத்த மூல நகல்) வேண்டும்போது மெஷின் உருவாகி, லாகவுட் ஆனதும் பழையபடி சுத்தமாகிவிடுவது இன்னொன்று. கால் சென்டர், பரிசோதனைக் கூடம், பயிற்சி வகுப்பு மாதிரி எல்லோருக்கும் ஒரே வேலை இருக்கிற இடத்தில் இரண்டாவது ரகம் அருமையாக ஓடும். பேட்ச் போடுவது என்றால் ஒரே ஒரு இமேஜில் போட்டால் போதும், மறுநாள் எல்லோரும் புதியதில் இருப்பார்கள். நிரந்தர ரகத்தில் நூறு பேர் என்றால் நூறு மெஷினுக்கும் தனித்தனியாகப் பேட்ச், ஆன்டிவைரஸ், பேக்கப் பார்க்க வேண்டும், சாதாரண கம்ப்யூட்டர்களை டேட்டாசென்டருக்கு மாற்றியதுதான் மிச்சம். அட்மின் உரிமை கட்டாயம் தேவைப்படுகிறவர்கள், செஷன் முறையில் ஓட மறுக்கிற சாஃப்ட்வேர் வைத்திருக்கிறவர்கள், இவர்களுக்கு மட்டும் நிரந்தர மெஷின் கொடுங்கள்.

செஷன், விடிஐ இரண்டையும் கிளவுடில் வாடகைக்கும் எடுக்கலாம். இங்கே பார்க்க வேண்டியது பில் எப்படி ஓடுகிறது என்பதை. விண்டோஸ் 365, 2021 ஆகஸ்டில் வந்தது, ஆளுக்கு மாதத்துக்கு இவ்வளவு என்று நிலையான தொகை, மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதேதான். அஷ்யூர் விர்ச்சுவல் டெஸ்க்டாப்பில் மெஷின் ஓடுகிற நேரத்துக்குக் காசு, இரவில் நிறுத்தி வைத்தால் மிச்சம். ஆனால் யாராவது நிறுத்த வேண்டும், அதாவது தானாக ஏற்றி இறக்குகிற திட்டத்தை நீங்கள் எழுதி வைக்க வேண்டும். அமேசான் வொர்க்ஸ்பேசஸில் இரண்டு வகையும் இருக்கிறது, எப்போதும் ஓடுவது ஒன்று, ஆள் போனபின் தானாக நின்று மணிக்கணக்கில் பில் ஆவது இன்னொன்று. தினமும் எட்டு மணி நேரம் உட்கார்கிறவருக்கு நிலையான தொகையும், வாரத்தில் இரண்டு நாள் எட்டிப் பார்க்கிற ஆடிட்டருக்கு மணிக்கணக்கும் பொருந்தும். ஷிஃப்ட் முறையில் வேலை பார்க்கிறவர்களுக்கு விண்டோஸ் 365 ஃபிரன்ட்லைன் என்று ஒன்று இருக்கிறது, ஒரு லைசென்ஸில் மூன்று மெஷின் வரை உருவாக்கி வைக்கலாம், ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் ஓடும்.

விண்டோஸ் 10, 11 மாதிரியான டெஸ்க்டாப் ஓஎஸ்ஸிலேயே பல பேர் ஒரே நேரத்தில் லாகின் ஆகிற மல்டி-செஷன் பதிப்பு அஷ்யூர் பக்கம் மட்டுமே கிடைக்கிறது. சர்வர் ஓஎஸ்ஸில் ஓட மறுக்கிற சாஃப்ட்வேர் இருக்கிறது, தனித்தனி மெஷின் கொடுக்கவும் கட்டுப்படியாகவில்லை என்றால், அஷ்யூர் பக்கம் போவதற்கு இதைவிட வலுவான காரணம் இல்லை.

லினக்ஸ் மட்டும் போதும் என்கிறவர்களுக்கு வழி இன்னும் சுலபம். எக்ஸ்ஆர்டிபி போட்டால் விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் கிளையன்டிலிருந்தே லினக்ஸுக்குள் போகலாம், அப்பாச்சி குவாக்கமோலி போட்டால் பிரவுசரிலிருந்தே போகலாம், அடியில் மெஷின்களை ஓட்ட பிராக்ஸ்மாக்ஸ். மூன்றுக்கும் லைசென்ஸ் கட்டாயம் இல்லை. காசுக்குப் பதில் உங்கள் நேரம் செலவாகும், அதையும் கணக்கில் எழுதுங்கள்.

கடைசியாக, விர்ச்சுவல் மெஷினை ஊழியரின் லேப்டாப்பிலேயே ஓட்டுவது. விர்ச்சுவல்பாக்ஸ், ஹைப்பர்-வி, விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் எல்லாம் இந்த வகை. நெட் இல்லாத இடத்துக்குப் போகிறவருக்கு இது மட்டும்தான் வழி. ஆனால் டேட்டா லேப்டாப்பிலேயே இருக்கும், தொலைந்தால் தொலைந்ததுதான், அதனால் அதன் டிஸ்க் ஃபைலையும் என்கிரிப்ட் செய்துவிடுங்கள்.

நெட்டை ஊழியர் வீட்டில் அளந்து பாருங்கள்

டெமோ காட்டுகிறவர்கள் எல்லோரும் நல்ல நெட் இருக்கிற இடத்திலிருந்துதான் காட்டுவார்கள். நீங்கள் அளக்க வேண்டியது உங்கள் ஊழியர்களில் மோசமான நெட் வைத்திருக்கிறவரின் வீட்டில், அதுவும் சாயங்காலம், எல்லோரும் வீடியோ பார்க்கிற நேரத்தில். ஒரு கீயைத் தட்டினால் அது டேட்டாசென்டருக்குப் போய், அங்கே திரை மாறி, மாறின படம் சுருக்கப்பட்டு, திரும்பி வர வேண்டும். ஃபைபரில் ஒளி வினாடிக்கு ஏறக்குறைய 2,00,000 கிலோமீட்டர் போகும், ஆக 1,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற டேட்டாசென்டருக்குப் போய்வர குறைந்தது 10 மில்லிசெகண்ட், நடுவில் இருக்கிற ரவுட்டர்கள் தனி. 50க்குள் இருந்தால் உள்ளூர் கம்ப்யூட்டர் மாதிரி இருக்கும், 100 வரை பழகிக்கொள்ளலாம், 150ஐத் தாண்டினால் மௌஸ் பின்னாலேயே இழுபடும். அஷ்யூர் விர்ச்சுவல் டெஸ்க்டாப்புக்கு மைக்ரோசாஃப்ட் சொல்கிற வரம்பும் 150தான். அதனால் கிளவுட் எடுத்தால் விலை குறைந்த ரீஜனை (டேட்டாசென்டர் இருக்கிற பகுதி) பார்க்காமல் ஆட்களுக்குப் பக்கத்தில் இருக்கிற ரீஜனைப் பாருங்கள். ஆனால் டேட்டாபேஸ் இன்னொரு ஊரில் இருந்தால் டெஸ்க்டாப் டேட்டாபேஸ் பக்கம்தான் நிற்க வேண்டும், அந்த 5,000 வாசிப்புக் கணக்கை மறக்காதீர்கள்.

பேண்ட்வித் அவ்வளவு பெரிய பிரச்சினை இல்லை. சாதாரண அலுவலக வேலைக்கு ஆளுக்கு 1.5 முதல் 3 எம்பிபிஎஸ், கனமான வேலைக்கு 5, வீடியோ, முப்பரிமாணம் என்றால் 15 என்பது மைக்ரோசாஃப்ட் கொடுக்கிற அளவுகோல். பேக்கெட் (நெட்டில் போகிற டேட்டாத் துண்டு) தொலைவதுதான் ஆளைக் கொல்கிறது. சராசரி பிங் (போய்வரும் நேரம்) 30 என்று அழகாக இருக்கும், ஆனால் நூற்றில் மூன்று பேக்கெட் வந்து சேராது, திரை நின்று நின்று நகரும். நூறு முறை பிங் அடித்து, சராசரியை விட்டுவிட்டு, அதிகபட்சத்தையும் தொலைந்த எண்ணிக்கையையும் பாருங்கள். ரிமோட் டெஸ்க்டாப்புக்கு யுடிபி (தொலைந்த பேக்கெட்டுக்காகக் காத்திராத வழி) திறந்திருந்தால் இந்த மாதிரி நெட்டில் நன்றாகத் தாங்கும், ஃபயர்வாலில் யுடிபியை அடைத்து வைத்திருந்தால் எல்லாம் டிசிபியில் (ஒவ்வொரு பேக்கெட்டும் வரக் காத்திருக்கிற வழி) போய்த் திணறும். ஸ்லோ என்கிற புகார் வந்தால் சர்வருக்கு மெமரி வாங்குவதற்கு முன் இதைப் பாருங்கள்.

காலை ஒன்பது மணி

சர்வர் அளவைக் கணக்குப் போடும்போது நாளின் சராசரியைப் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். ஒன்பது மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் லாகின் ஆவார்கள், எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் பூட் ஆகும், எல்லா ஆன்டிவைரஸும் ஒரே நேரத்தில் அப்டேட் இறக்கும். அந்தப் பத்து நிமிஷத்தில் முதலில் படுத்துக்கொள்வது ஸ்டோரேஜ்தான். சுழலும் டிஸ்கில் விடிஐ போடவே போடாதீர்கள், எஸ்எஸ்டி கட்டாயம். மெஷின்களை எட்டரைக்கே பூட் செய்து தயாராக வைக்கச் சொல்லுங்கள், ஆன்டிவைரஸ் முழு ஸ்கேனை இரவில் வெவ்வேறு நேரத்தில் பிரித்துப் போடுங்கள்.

அளவுக்கு ஒரு தோராயம். செஷன் முறையில் ஒரு விர்ச்சுவல் சிபியுவுக்கு லேசான வேலை பார்ப்பவர் 6 பேர், நடுத்தரம் 4, கனம் 2 என்று மைக்ரோசாஃப்ட் வழிகாட்டுகிறது. நடுத்தர வேலை பார்க்கிற 40 பேர் என்றால் 10 சிபியு. அதை ஒரே பெரிய சர்வராக வைக்காமல் 8 சிபியு வீதம் இரண்டாக வைத்தால், ஒன்று படுத்தாலும் 32 பேருக்கு இன்னொன்று தாங்கும், மீதி எட்டுப் பேருக்குக் கொஞ்சம் இழுக்கும், அவ்வளவுதான். அதே 40 பேருக்குத் தனித்தனி விண்டோஸ் 11 மெஷின், ஆளுக்கு 8 ஜிபி என்றால் 320 ஜிபி மெமரி வேண்டும். செஷன் முறையில் ஆளுக்கு 3 ஜிபி என்று வைத்தாலும் 120தான் வருகிறது. முன்னால் போட்ட ஷீட்டில் ‘ஒரே நேரத்தில் எத்தனை பேர்’ என்று கேட்கச் சொன்னது இதற்குத்தான்.

லாகின் ஆக எத்தனை நேரம் ஆகிறது என்பதை ஊழியர்கள் மன்னிக்கவே மாட்டார்கள். பழைய ரோமிங் புரொஃபைல் முறையில் ஒவ்வொரு லாகினிலும் புரொஃபைல் ஃபைல்கள் (ஒருவரின் செட்டிங்குகளும் சொந்த ஃபைல்களும்) நெட்வொர்க்கில் நகல் ஆகும், அது இரண்டு மூன்று ஜிபி சேர்ந்துவிட்டால் அவ்வளவுதான், டீ போட்டு வந்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். எஃப்எஸ்லாஜிக்ஸ் வந்தபின் இது மாறியது. ஆளுக்கு ஒரு விர்ச்சுவல் டிஸ்க் ஃபைல், லாகின் ஆகும்போது அதை நகல் எடுக்காமல் அப்படியே மவுண்ட் செய்துவிடும். மைக்ரோசாஃப்ட் 2018இல் அந்தக் கம்பெனியையே வாங்கியது, ரிமோட் டெஸ்க்டாப் லைசென்ஸ் வைத்திருந்தால் அதைப் பயன்படுத்த உரிமை உண்டு. இமேஜிலிருந்து உருவாகிற ரகமோ இரண்டு சர்வருக்கு மேல் செஷன் முறையோ போடுகிறீர்கள் என்றால் இதை முதல் நாளே போட்டுவிடுங்கள். அந்த டிஸ்க் ஃபைல்கள் இருக்கிற ஷேர் படுத்தால் எல்லோரும் படுத்துவிடுவார்கள், ஆகவே அதற்கு பேக்கப்பும் வேகமான ஸ்டோரேஜும் வேண்டும்.

மீட்டிங், பிரிண்டர், கீபோர்ட்

டெமோவில் ஜம்மென்று ஓடிவிட்டு நிஜத்தில் சொதப்புகிறவை இவைதான். வீடியோ மீட்டிங்கை டெஸ்க்டாப்புக்குள் திறந்தால், உங்கள் முகம் கேமராவிலிருந்து டேட்டாசென்டருக்குப் போய், அங்கிருந்து மீட்டிங் சர்வருக்குப் போய், மற்றவர்களின் முகம் அதே வழியில் சுற்றித் திரும்பி வரும். சர்வரின் சிபியு எகிறும், குரல் தேயும். டீம்ஸ், ஜூம் இரண்டிலும் இதற்கென்று தனி ஏற்பாடு இருக்கிறது, படமும் குரலும் லேப்டாப்பிலிருந்தே நேராகப் போய்விடும், ஜன்னல் மட்டும் டெஸ்க்டாப்புக்குள் தெரியும். நீங்கள் எடுக்கிற தயாரிப்பிலும், ஊழியர்கள் வைத்திருக்கிற மேக், லினக்ஸ், மலிவான தின் கிளையன்ட் (திரையைக் காட்ட மட்டுமே இருக்கிற சின்ன மெஷின்) எல்லாவற்றிலும் இது வேலை செய்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் மீட்டிங்கை டெஸ்க்டாப்புக்கு வெளியே திறக்கச் சொல்வதே உத்தமம்.

வீட்டு பிரிண்டர்களுக்கு ஒவ்வொன்றுக்கும் டிரைவர் சர்வரில் போட ஆரம்பித்தால் முடிவே இருக்காது, பொது டிரைவர் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஸ்கேனர், கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையொப்ப டோக்கன் இவற்றைப் பேச்சில் நம்பாதீர்கள், அதே மாடலைச் செருகிப் பாருங்கள். ஆங்கிலம் அல்லாத மொழியில் டைப் அடிக்கிறவர்கள் இருந்தால் கீபோர்ட் மென்பொருள் லேப்டாப்பிலும் டெஸ்க்டாப்பிலும் ஒரே நேரத்தில் ஓடி எழுத்து சிதறும். ஒரு பக்கம் மட்டும் ஓடவிடுங்கள்.

கேட் (கம்ப்யூட்டரில் வரைபடம் போடுகிற சாஃப்ட்வேர்), வீடியோ எடிட்டிங் என்றால் ஜிபியு (கிராஃபிக்ஸ் கார்டு) வேண்டும். ஒரு கார்டை முழுசாக ஒருவருக்கே கொடுக்கலாம், அல்லது என்விடியாவின் விஜிபியு மாதிரி பல பேருக்குப் பங்கு போடலாம். பங்கு போடுவதற்குக் கார்டு விலை போக தனி லைசென்ஸும் கட்ட வேண்டும், கணக்கில் அதைச் சேர்க்க மறந்துவிடுவார்கள். நாலைந்து டிசைனர் மட்டும்தான் என்றால் அலுவலகத்தில் இருக்கிற அவர்களின் வொர்க்ஸ்டேஷனையே ரிமோட்டில் தொடவிடுவது மலிவு, வேகமும் அதிகம்.

லைசென்ஸ்

அலுப்பான விஷயம், ஆனால் பட்ஜெட் உடைவது இங்கேதான். விண்டோஸ் சர்வரில் லைசென்ஸ் இல்லாமல் இரண்டு பேர் நுழையலாம், அதுவும் நிர்வாக வேலைக்கு மட்டும். அதற்கு மேல் ஒவ்வொருவருக்கும் சர்வர் கேல் (சர்வரைத் தொட அனுமதிக்கிற லைசென்ஸ்) தனியாக, ரிமோட் டெஸ்க்டாப் கேல் தனியாக வேண்டும். முதல் 120 நாள் சலுகைக் காலம் என்பதால் எதுவும் கேட்காமல் ஓடும், 121ஆம் நாள் காலை ஒருவரும் உள்ளே போக முடியாது. கேல் இரண்டு வகை: ஒருவர் லேப்டாப், போன், வீட்டு கம்ப்யூட்டர் என்று பலவற்றிலிருந்து வருவார் என்றால் ஆளுக்கு, ஒரே மெஷினில் மூன்று ஷிஃப்ட் ஆட்கள் உட்கார்வார்கள் என்றால் மெஷினுக்கு. விடிஐயில் விண்டோஸ் 11 ஓட்ட, சில்லறையில் வாங்கின விண்டோஸ் லைசென்ஸ் செல்லாது, எண்டர்பிரைஸ் இ3 மாதிரி விர்ச்சுவல் உரிமை சேர்ந்த சந்தா வேண்டும். அந்த மாதிரி சந்தா உங்களிடம் ஏற்கெனவே இருந்தால் அஷ்யூர் விர்ச்சுவல் டெஸ்க்டாப்புக்கான விண்டோஸ் உரிமையும் அதிலேயே இருக்கலாம், இரண்டாவது முறை வாங்கிவிடாதீர்கள். உங்கள் மற்ற சாஃப்ட்வேர்களின் ஒப்பந்தத்தையும் படியுங்கள். சில கம்பெனிகள் செஷன் சர்வரில் ஓட்டுவதைத் தடுக்கின்றன, சில ஆளுக்கு ஒரு லைசென்ஸ் கேட்கின்றன.

தயாரிப்பின் உரிமையாளர் மாறுவதையும் மனதில் வையுங்கள். 2023 நவம்பரில் பிராட்காம் விஎம்வேரை வாங்கியது, நிரந்தர லைசென்ஸ் நிறுத்தப்பட்டுச் சந்தா மட்டும் ஆனது. விஎம்வேரின் ஹொரைஸன் டெஸ்க்டாப் பிரிவு 2024இல் பிரிக்கப்பட்டு ஆம்னிசா என்ற தனிக் கம்பெனியானது. சிட்ரிக்ஸும் 2022இல் கைமாறியது. ஐந்து வருஷத்துக்கு ஒப்பந்தம் போடுவதற்கு முன், மாஸ்டர் இமேஜையும் புரொஃபைல்களையும் வேறு இடத்துக்கு எடுத்துப்போக முடியுமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

பாதுகாப்பு

எந்த முறை எடுத்தாலும் சரி, ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டை இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடாதீர்கள். போர்ட் எண்ணை மாற்றி வைத்தால் போதும் என்று சொல்கிறவர்களையும் நம்பாதீர்கள், தேடுகிறவன் எல்லா எண்ணையும் தேடுவான். 2019 மே மாதம் வெளியான புளூகீப் ஓட்டையில் பாஸ்வேர்டே இல்லாமல் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக உள்ளே புகலாம் என்கிற நிலை. ஆதரவு முடிந்துபோன எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் பேட்ச் விட்டது என்றால் ஆபத்தின் அளவைப் புரிந்துகொள்ளலாம். ரான்சம்வேர் கும்பல்கள் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பவர்கள்) இன்றும் விரும்பி நுழைகிற வாசல்களில் ஒன்று திறந்து கிடக்கிற ரிமோட் டெஸ்க்டாப். முன்னால் விபிஎன் அல்லது 443 (பாதுகாப்பான வெப்சைட்டுகள் போகிற போர்ட்) வழியாகப் போகிற ஒரு கேட்வே, அதில் இரண்டடுக்கு லாகின், இந்த இரண்டும் இல்லாமல் ஒருவரையும் உள்ளே விடாதீர்கள்.

அப்புறம் கிளிப்போர்டு. டேட்டா வெளியே போகக் கூடாது என்பதற்காகத்தான் விர்ச்சுவல் டெஸ்க்டாப் போடுவார்கள், ஆனால் காப்பி-பேஸ்ட்டும் லேப்டாப் டிரைவ் இணைப்பும் திறந்தே இருக்கும். எல்லாவற்றையும் அடைத்தால் வேலை நடக்காது, ஊழியர் போனில் திரையைப் படம் எடுத்து அனுப்புவார். பிரிவு வாரியாகப் பாருங்கள்: வெளியிலிருந்து உள்ளே ஒட்டுவதை அனுமதித்து உள்ளிருந்து வெளியே எடுப்பதை மட்டும் தடுக்கிற வசதி இப்போது முக்கியமான தயாரிப்புகள் பலவற்றில் இருக்கிறது, பெரும்பாலான இடத்துக்கு அது போதும்.

முடிவெடுப்பது

ஷீட்டைத் திரும்ப எடுங்கள். பிரவுசர் வேலை மட்டும் இருக்கிற வரிகளை அடித்துவிடுங்கள். ஒரே ஒரு பிடிவாதமான சாஃப்ட்வேருக்காக இருக்கிற வரிகளுக்கு ரிமோட்ஆப். ஒரே மாதிரி வேலையை நிறையப் பேர் பார்க்கிற வரிகளுக்கு செஷன் முறை, அல்லது இமேஜிலிருந்து உருவாகிற மெஷின். மிச்சம் இருக்கிற கொஞ்சப் பேருக்குத்தான் தனி மெஷின். நான்கு முறை கலந்து வருகிறதே, ஒரே முறையாக இருந்தால் நிர்வாகம் சுலபமாயிற்றே என்று தோன்றும். இரண்டு வரைக்கும் கலக்கலாம் என்பது என் அபிப்பிராயம், மூன்றாவது முறை வந்தால் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறாரா என்று யோசியுங்கள். சொந்த சர்வரா கிளவுடா என்பதை அதற்கப்புறம் முடிவு செய்யுங்கள். ஆட்கள் எண்ணிக்கை நிலையாக இருக்கிறது, சர்வரைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர் இருக்கிறார், டேட்டாவும் அங்கேயே இருக்கிறது என்றால் சொந்தம் கட்டுப்படியாகும். எண்ணிக்கை ஏறி இறங்குகிறது, இன்னும் ஒரு மாதத்தில் ஓட வேண்டும் என்றால் கிளவுட்.

சோதனைக்கு ஆர்வமுள்ள இளைஞர்கள் பத்துப் பேரைப் பிடித்துப் போடுவார்கள், அவர்கள் எதையும் சமாளித்துவிடுவார்கள், உங்களுக்கு ஒன்றும் தெரியவராது. மோசமான நெட் வைத்திருக்கிறவர், நாளெல்லாம் டைப் அடிக்கிறவர், பழைய ஸ்கேனர் வைத்திருக்கிறவர், எதற்கெடுத்தாலும் குறை சொல்கிறவர், இவர்களைச் சேருங்கள். மாதக் கடைசிக் கணக்கு முடிப்பு அந்தச் சோதனைக்குள் வருகிற மாதிரி நாள் குறியுங்கள். லாகின் நேரம், உச்ச நேர மெமரி, புகார் எண்ணிக்கை மூன்றையும் தினமும் எழுதி வையுங்கள், பழைய வழியை அடைக்காமல் அப்படியே விட்டு வையுங்கள். யார் யார் தாமாகவே பழைய வழிக்குத் திரும்புகிறார்கள் என்று பார்த்து, அவர்களிடம் போய் ஏன் என்று கேளுங்கள். மற்ற எல்லோருக்கும் திறந்துவிடுவதற்கு முன் சரிசெய்ய வேண்டிய வேலைப் பட்டியல் அந்தப் பதில்களில்தான் கிடைக்கும்.